லினக்ஸுக்கு மாறும் முன் விண்டோஸைப் பத்திரப்படுத்துவது எப்படி?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, நிலை விற்கும் கடை எங்களுடையது. கடை லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட்டே வந்தது. மகள் அதை எடுத்துவிட்டு, அதைப் போலவே லேப்டாப்பை இயக்கும் இலவச லினக்ஸ் மின்ட் போடச் சொல்கிறாள். பிறகு விண்டோஸ்தான் வேண்டுமென்றால் மறுபடி காசு கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. விண்டோஸ் போட்டே வரும் லேப்டாப்களில் அதன் உரிம எண் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். டிஸ்க்கைத் துடைத்தாலும் அது போகாது. அதே பதிப்பை மறுபடி நிறுவினால் தானாகவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் விண்டோஸை மீட்பதற்காக டிஸ்க்கில் கம்பெனி வைத்த ரெக்கவரி பகுதி அழிந்துவிடும். அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

செட்டிங்ஸில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ ஓடுகிறதா பாருங்கள். ஓடினால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, என்க்ரிப்ஷனை அணையுங்கள். பூட்டு முழுதும் விலகும்வரை பொறுங்கள். விலகாமல் பேக்கப் எடுத்தால் காலி இடமும் சேர்ந்தே பதிவாகி, 512 ஜிபி டிஸ்க்கின் பேக்கப்பும் ஏறக்குறைய அதே அளவுக்கு வீங்கிவிடும்.

அடுத்து 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று. தேடல் பெட்டியில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். திறக்கும் பெட்டியில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளது அழிந்துபோகும்.

அது விண்டோஸை மட்டுமே மீட்கும். உங்கள் பில்லும் படங்களும் அதில் வராது. முழு டிஸ்க்கையும் அப்படியே படியெடுக்க ரெஸ்க்யூசில்லா என்ற மென்பொருள் நல்லது, இலவசம். அதை வேறொரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் துவக்கி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். அதற்குமுன் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே விண்டோஸை ஷட் டவுன் செய்யுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும்.

சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பழைய நிலையைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டு, ஒன்றையும் விடாமல்தானே வண்டியேற்றுவீர்கள்? லேப்டாப்பைத் துவக்கும், கண்ணுக்குத் தெரியாத பூட் பகுதி, ரெக்கவரி பகுதி எல்லாம் அப்படித்தான். ஒன்று விட்டுப்போனாலும் திரும்பப் பொருத்தும்போது தகராறு. கரண்ட் போனால் வெளி டிஸ்க்கும் நின்றுவிடாதபடி, லேப்டாப்பிலேயே அதைச் செருகுங்கள், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும்.

முடிந்ததும் ரெஸ்க்யூசில்லாவிலேயே அந்தப் பேக்கப்பைச் சரிபாருங்கள். ரெக்கவரி பென் டிரைவிலிருந்து ஒருமுறை துவக்கி, மெனு வருவதைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். எதையும் மீட்கச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, மின்ட்டை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பில் பிரிண்டரில் ஒரு பில் அடித்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு டிஸ்க்கைத் துடைக்கலாம்.