விலை குறைவாகவும் நன்றாகப் பழகுவதாகவும் வீட்டில் வளர்க்க எந்தப் பறவை வாங்கலாம்?

பட்ஜி வாங்குங்கள். அதிலும் ஒரே ஒரு இளம் ஆண் பட்ஜி.

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, பெரும்பாலும் அதுதான் இது. ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளி, எடை 30–40 கிராம்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தீனிச் செலவும் அதிகம் இல்லை: தினை, கொஞ்சம் கீரை, கொறிக்கக் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு).

கடைக்காரர் "ஜோடியா எடுத்துக்கோங்க, தனியா இருந்தா செத்துப்போயிடும்" என்பார். அது உண்மையில்லை. ஜோடியாக இருந்தால் ஒன்றுக்கொன்று துணை, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தனியாக இருந்தால் நாம்தான் அதன் கூட்டம். அதற்காகத் தினமும் அதனுடன் நேரம் செலவழித்தே ஆகவேண்டும். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் தயவுசெய்து ஜோடியாகவே வாங்குங்கள். கையில் வந்து உட்காராவிட்டாலும் அவையாவது நிம்மதியாக இருக்கும்.

நிறத்தைவிட வயதுதான் முக்கியம். நெற்றியில் உள்ள கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் அது நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு, சீக்கிரம் பழகும். முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் இந்தக் கோடு தெரியாது. வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல்பகுதி பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சில் ஆணுக்கு அந்த இடம் ஒரே சீரான இளஞ்சிவப்பாக இருக்கும்; பெண்ணுக்குத் துளைகளைச் சுற்றி வெளிர் வளையம் தெரியும். ஆண் என்று சொல்வதற்குக் காரணம், பேச்சு அதற்குத்தான் நன்றாக வரும். கலிபோர்னியாவில் பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் தெரிந்து வைத்திருந்ததாகக் கின்னஸ் பதிவே உண்டு. உங்களுடையது இரண்டு சொல் பேசினாலும் வீடே கொண்டாடும்!

வந்த புதிதில் சில நாள் தொடாமல், கூண்டுக்கு அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அப்புறம் ஒரு தினைக் கதிரைக் கையில் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டுங்கள். அதைத் தின்னத்தான் முதலில் உங்கள் விரலில் ஏறும். கூண்டுக்குள் முட்டையிடுவதற்கான பானை வைக்காதீர்கள். அதைப் பார்த்தாலே இனப்பெருக்க எண்ணம் வந்துவிடும்.

வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்தியிருக்கவேண்டும், எத்தனை வெயிலாக இருந்தாலும். சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரிந்தாலும் மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கலாம். தினமும் ஊதிவிட்டுப் பாருங்கள்.

ஆயிரங்களில் செலவு செய்ய முடியும் என்றால் காக்கட்டீல் என்ற கொண்டையுள்ள கிளி இன்னும் சாதுவானது, தலையைத் தடவிக்கொடுக்கச் சொல்லிக் குனிந்து நிற்கும். ஆனால் 15–20 வருடம் வாழும், இறகிலிருந்து மாவுபோலத் தூள் கொட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வேண்டாம்.

பச்சைக்கிளி, மைனா மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். மரப்பொந்திலிருந்து குஞ்சுகளைப் பிடுங்கிவந்துதான் அவற்றை விற்கிறார்கள், வழியிலேயே பல இறந்துபோகின்றன. அந்த வியாபாரத்துக்கு நம் காசு போகக்கூடாது.

வாங்கும் முன்பே பறவை பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகைப் புடைத்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே கொண்டுபோங்கள்.