'லாஸ்ட் இயர்' வந்தால் 'ஹேவ்' வராது

கேள்வி: நேர்காணல் ஒன்றில், "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம். லாஸ்ட் இயர்" என்றேன். எதிரில் இருந்தவர் எல்லார் முன்னாலும் "தப்பு" என்றார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. ரீசன்ட்லி, லேட்லி, தி அதர் டே, ஜஸ்ட் நவ் இவற்றிலும் எனக்குக் குழப்பம்தான். விளக்குவீர்களா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தத் தப்பு உங்கள் தமிழிலிருந்து வந்தது. 31 வருஷம் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் விடைத்தாளிலேயே இதை வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறேன். 'போன வருஷம் மதுரைக்குப் போயிருக்கிறேன்' என்கிறோம். தமிழில் அது குறையில்லாத வாக்கியம். அந்த 'இருக்கிறேன்'தான் ஆங்கிலம் எழுதும்போது கையைப் பிடித்து 'ஹேவ்' போட வைக்கிறது. ஆங்கிலம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நேற்று, போன வாரம், 2023-இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம். லாஸ்ட் இயர்' என்று சொல்லுங்கள். எப்போது என்று சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம்.' சரிதான். அரை நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயம் இது. அவர் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, மற்ற சொற்கள். 'ரீசன்ட்லி' நம்முடைய 'சமீபத்தில்'. 'ஹேவ்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். 'லேட்லி' என்றால் 'கொஞ்ச நாளாக'. கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை என்போம். கொஞ்ச நாளாக ஸ்கூட்டர் வாங்கினேன் என்போமா? அதே காதோடு ஆங்கிலத்தையும் கேளுங்கள். 'ஐ ஹேவன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல் லேட்லி' சரி. 'ஐ பாட் எ ஸ்கூட்டர் லேட்லி' இடிக்கும். அங்கே 'ரீசன்ட்லி' போடுங்கள்.

'தி அதர் டே' என்பதை 'இன்னொரு நாள்' என்று நினைத்து, 'ஐ வில் கம் தி அதர் டே' என்று என் மாணவி ஒருத்தி லீவ் லெட்டரில் எழுதியிருந்தாள். இது கடந்துபோன நாள், நாம் 'அன்றைக்கு ஒரு நாள்' என்போமே, அது. நடந்து சில நாள்தான் ஆகியிருக்க வேண்டும். இதோடும் 'ஹேவ்' வராது.

'ஜஸ்ட் நவ்' என்றால் 'இப்போதுதான்': 'ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்.' தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஒருவர் 'ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்' என்றால், உடனே இல்லை, அப்புறம் செய்கிறேன் என்று அர்த்தம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'டூ டேஸ் பேக்' நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான், புரியும். எழுதும்போது 'டூ டேஸ் அகோ' என்றே எழுதுங்கள். 'டூ டேஸ் பிஃபோர்' என்று மட்டும் நிறுத்தாதீர்கள். எதற்கு இரண்டு நாள் முன்னால் என்பதும் சேர்ந்து வர வேண்டும்: 'டூ டேஸ் பிஃபோர் தி இன்டர்வியூ.'