மட்டிக்கு எவ்வளவு தீனி? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டில் நாலடி ரீஃப் தொட்டி, அதாவது பவள உயிர்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி க்ளவுன் மீன், பவளத்தின் உறவான ஜோவாந்திட் கொஞ்சம், நல்ல எல்.இ.டி. லைட், ஸ்கிம்மர் எல்லாம் உண்டு. போன மாதம் முட்டுக்காடு பக்கம் மட்டி எடுப்பவர்களிடம் உயிரோடு கொஞ்சம் வாங்கிவந்து மணலில் விட்டேன். ஒவ்வொன்றாக வாய் பிளந்து செத்துக்கொண்டிருக்கிறது. தினமும் பைட்டோ, அதாவது நுண்பாசித் திரவம், ஊற்றவேண்டும் என்கிறார் கடைக்காரர். அடுத்து மாக்சிமா க்ளாம் என்கிற ராட்சத மட்டி ஒன்று வாங்க ஆசை, தெரிந்தவர் ஒருவர் தருவதாகச் சொல்கிறார். எவ்வளவு பைட்டோ ஊற்றுவது? இதற்கென்று நல்ல புத்தகங்கள் உண்டா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த முட்டுக்காடு மட்டிகளைப் பற்றி. மீதி இருப்பவற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாங்கிய இடத்துக்கும் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம், வெளிநாட்டு மீன்கள் இருக்கும் தொட்டியில் இருந்த உயிரை நம் கழிமுகத்தில் விடக்கூடாது. செத்த மட்டி ஒன்று மணலுக்குள் கிடந்தாலே அம்மோனியா ஏறிவிடும், அதனால் மணலைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீரும் மாற்றுங்கள். அவை சாவதற்குக் காரணம் பட்டினி. உப்பங்கழித் தண்ணீர் பாசி நுண்ணுயிர்களால் கலங்கிக் கிடக்கும், மட்டி நாள் முழுக்க அதை உறிஞ்சி வடிகட்டித்தான் உயிர்வாழ்கிறது. உங்கள் தொட்டித் தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கிறது, இருக்கவும் வேண்டும், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் அதற்காகத்தானே ஓடுகிறது. அந்த மட்டிக்குப் போதுமான அளவு பைட்டோ ஊற்றினால் மற்றதெல்லாம் கெட்டுவிடும். ஒரு பாட்டிலால் நடக்கிற காரியம் இல்லை.

மாக்சிமா முற்றிலும் வேறு உயிர். ட்ரைடாக்னா என்ற அந்த ராட்சத மட்டி வகைகளின் வண்ண விளிம்புச் சதைக்குள் பவளங்களில் இருப்பது போன்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு மட்டிக்குப் போகிறது. இந்தப் பாசிகள் இரத்த இடைவெளிகளில் இருக்கின்றன, மட்டி அவற்றையே செரித்துத் தின்கிறது என்றுதான் யாங் 1936இல் எழுதினார். 1928-29இல் கிரேட் பேரியர் ரீஃப் போன ஆய்வுக்குழுவின் தலைவர் அவர். ஆனால் இரைப்பையிலிருந்து கிளைத்து வரும் நுண்குழாய்களுக்குள்தான் அவை இருக்கின்றன என்று நார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் விளக்கமாகக் காட்டினார்கள். அதாவது அவை இருப்பது செரிமானக் குழாயின் நீட்சிக்குள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய புத்தகம் கைக்குக் கிடைத்தால் அந்தப் பகுதியை மட்டும் எச்சரிக்கையாகப் படிக்கவேண்டும்.

அப்படியானால் தீனியே வேண்டாமா? கடைக்காரர்களின் வாதத்துக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. க்ளம்ப், பெய்ன், ஹாக்கின்ஸ் மூவரும் 1992இல் ட்ரைடாக்னா கைகாஸ் என்ற மிகப்பெரிய இனத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சின்னஞ்சிறு மட்டிக்குத் தேவையான கார்பனில் ஏறக்குறைய 65 சதவீதம் வடிகட்டித் தின்பதிலிருந்து வருகிறது, வளர்ந்ததில் அது 34 சதவீதமாகக் குறைகிறது என்றது அந்தக் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டுதான் ‘குட்டி மட்டிக்குப் பைட்டோ இல்லாவிட்டால் சாவுதான்’ என்கிறார்கள். எனக்கு அது மிகை என்று படுகிறது. அது கடலில் கிடைக்கிறதை மட்டி எப்படிப் பயன்படுத்துகிறது என்ற கணக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும் தொட்டியில் அது கிடைக்காவிட்டால் சாகும் என்று அதற்குப் பொருள் இல்லை. பசிபிக் தீவுகளின் குஞ்சுப் பண்ணைகளில் வெயிலும் ஓடும் கடல்நீரும்தான் முக்கியச் செலவு, வளர்ச்சியைக் கூட்டத் தண்ணீரில் நைட்ரஜன் உரம் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் நீங்கள் அம்மோனியா ஊற்றிப் பார்க்காதீர்கள், அந்த வேலையை மீன்கள் செய்யும். வயிறார இரை போட்ட மீன்களின் கழிவில் வரும் நைட்ரஜனை மட்டி சதை வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கத் துடிக்கவேண்டாம், 2 முதல் 10 பிபிஎம்முக்குள் இருந்தால் நல்லதே.

என் அபிப்பிராயம் இதுதான்: இரண்டு அங்குலத்துக்குக் குறைவானதற்கு, தொட்டியில் மீனும் குறைவு என்றால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நானோக்ளோராப்சிஸ் போன்ற உயிருள்ள பைட்டோ கொஞ்சம் ஊற்றலாம், ஸ்கிம்மரை ஓரிரு மணி நேரம் நிறுத்திவைத்து. அதைவிடப் பெரியதற்கு ஒன்றுமே ஊற்றவேண்டாம். பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள், அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். முட்டை மஞ்சள் கரு, ஈஸ்ட், ஸ்பைருலினா பொடி இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சிரிஞ்சை வைத்து உறிஞ்சுகுழலுக்குள் நேராகப் பீய்ச்சும் வீடியோக்களையும் மறந்துவிடுங்கள், அது மட்டியைத் திடுக்கிட்டு மூடவைக்கிற வேலை.

தீனிக்குச் செலவழிக்கிற பணத்தை வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் செலவழியுங்கள். ட்ரைடாக்னா இனங்களில் மாக்சிமா, க்ரோசியா இரண்டுக்கும் கடும் வெளிச்சம் தேவை, ஸ்க்வாமோசாவும் டெராசாவும் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் பொறுத்துப்போகும். கால்சியம் 400-450 பிபிஎம், காரத்தன்மை 8-11 டி.கே.ஹெச்., வெப்பம் 25-27 டிகிரி. அக்னி நட்சத்திர நாட்களில் இந்த ஊரில் சில்லர் இல்லாமல் அது நடக்காது, கரண்ட் போனால் தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கராவது இன்வெர்ட்டரில் ஓடவேண்டும். லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, ஆர்.ஓ. போடாமல் உப்புக் கலக்காதீர்கள்.

அப்புறம், மட்டியே சொல்லும். நன்றாக இருப்பது சதையை ஓட்டின் விளிம்பைத் தாண்டி விரித்துவைத்திருக்கும், கை நிழல் பட்டதும் சட்டென்று உள்ளிழுக்கும். உறிஞ்சுகுழல் அகலமாகப் பிளந்தே கிடந்து, நிழலுக்கும் அசையாவிட்டால் நிலைமை மோசம். இரவில் டார்ச் அடித்து ஓட்டின் அடிப்பக்கம், பாறையைப் பற்றிக்கொள்ளும் நார் வெளியே வரும் துளையைச் சுற்றிப் பாருங்கள். அரிசி மணி அளவில் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் அவை பிரமிடெல்லிட் ஒட்டுண்ணிகள், கூரான குழலைக் குத்தி மட்டியின் சாற்றைக் குடிப்பவை. தீனி போதவில்லை என்று நினைத்துப் பைட்டோ ஊற்றிக்கொண்டே இருக்கும் பல தொட்டிகளில் இவைதான் காரணம். மட்டியைப் பாறையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள், அந்த நாரோடு உள்சதையும் பிய்ந்துவந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

இவ்வளவும் எழுதியது சிங்கப்பூரிலும் துபாயிலும் முறையான காகிதங்களோடு வளர்க்கும் வாசகர்களையும் மனதில் வைத்து. உங்களுக்கு நான் சொல்வது: தெரிந்தவரிடம் அந்த மாக்சிமாவை வாங்காதீர்கள். மாக்சிமா, ஸ்க்வாமோசா, ஹிப்போபஸ் என்ற மூன்று ராட்சத மட்டிகளையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். ராட்சத மட்டிக் குடும்பம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ‘பண்ணையில் வளர்ந்தது சார்’ என்று வாயால் சொன்னால் போதாது, இறக்குமதி அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார் என்றால் அது லட்சத்தீவிலோ அந்தமானிலோ பெயர்த்து எடுத்ததாக இருக்கலாம். ஒரு பவளத்திட்டில் பக்கத்துத் துணையின் முட்டையும் விந்தும் தண்ணீரில் கலந்தால்தான் இவற்றுக்கு அடுத்த தலைமுறை. நாலைந்தைப் பெயர்த்துவிட்டால் மிச்சமிருப்பவை உயிரோடு இருந்தும் பயனில்லாமல் போகும். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

புத்தகங்கள். டேனியல் நாப் எழுதிய ‘ஜயண்ட் க்ளாம்ஸ்’ 1996இல் வந்தது, இனம் பிரித்தறிய இன்னும் நல்ல துணை. ஜேம்ஸ் ஃபாதரீயின் ‘ஜயண்ட் க்ளாம்ஸ் இன் த சீ அண்ட் த அக்வேரியம்’ 2006இல் வந்தது, ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் இதை வாங்குங்கள். டெல்பீக், ஸ்ப்ரங் இருவரின் ‘த ரீஃப் அக்வேரியம்’ முதல் தொகுதியிலும் மட்டிகளுக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். இவை விலை அதிகம், பழைய பிரதிதான் தேடவேண்டியிருக்கும். நம் கடலின் மட்டிகளைத் தெரிந்துகொள்ள ஹார்னெல் எழுதி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1951இல் வெளியிட்ட ‘இந்தியன் மொலஸ்க்ஸ்’ உண்டு. மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் இருவோட்டு உயிர்களைப் பற்றி சத்தியமூர்த்தி எழுதியதை எழும்பூர் அருங்காட்சியகமே 1956இல் தன் புல்லட்டினாக வெளியிட்டது. உங்கள் முட்டுக்காடு மட்டியையும் அதன் உறவுகளையும் அடையாளம் காண இந்த இரண்டும் போதும்.

காசு செலவழிக்குமுன் ஒன்று செய்யுங்கள். ஆஸ்திரேலியாவின் சர்வதேச வேளாண் ஆய்வு அமைப்பான ஏசியார் 1992இல் வெளியிட்ட மட்டி வளர்ப்புக் கையேடுகள் இரண்டு, குஞ்சுப் பண்ணைக்கு ஒன்று, கடலில் வளர்ப்பதற்கு ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குஞ்சுப் பண்ணைக் கையேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், அதிலிருந்து கேள்வி வந்தால் பேசுவோம்.