கருநீலம் ஏன் விலகுகிறது

ஒரே லினோ பலகையை (செதுக்கி அச்சிடும் லினோலியத் தகட்டை) நிறத்துக்கு நிறம் மேலும் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது மஞ்சளும் பச்சையும் சரியாக விழுந்து, கடைசிக் கருநீலம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகித் திட்டுத்திட்டாக நிற்கிறது என்கிறீர்கள். லினோவைத் திட்டாதீர்கள். கடலூரில் ஐப்பசி ஈரத்துக்குத் தாள் விரியும், அதுவும் இழைக்குக் குறுக்கே அதிகமாக, அதனால் எல்லாத் தாளையும் ஒரே இழைத் திசையில் வெட்டி, அச்சிடும் அறையிலேயே முதல் நாள் இரவே பரப்பி வையுங்கள். திட்டு வருவது பெரும்பாலும் கீழே பச்சை தடிமனாக விழுந்ததால்தான். மை பூசும் உருளை ஓடும்போது சன்னமாகச் சரசரக்க வேண்டும், சளசளவென்று இழுத்தால் மை அதிகம். எண்ணெய் மை என்றால், மழைநாளில் எத்தனை நாள் பிடித்தாலும் சரி, விரலில் ஒட்டாத அளவு உலரும் வரை அடுத்த நிறம் ஏற்றாதீர்கள். மை சீக்கிரம் உலரக் கலக்கும் உலர்த்தியை அள்ளி ஊற்றினால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகி அடுத்த மையைத் தள்ளிவிடும். அப்புறம், மஞ்சளிலேயே நாலைந்து தாள் கூடுதலாகப் போட்டுவிடுங்கள், அதே பலகையைப் பச்சைக்காகச் செதுக்கிய பிறகு மஞ்சள் பலகை திரும்பக் கிடைக்காது.