பால் ஒத்துக்கொள்ளாத வயிறு

கேள்வி: ஒரு குவளை பால் குடித்தாலே வயிறு பொருமி இரைகிறது, சட்டித் தயிர் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்வதில்லை. மனிதப் பரிணாமம் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார்களே, அப்படியானால் என் உடம்பில் மட்டும் ஏன் இந்தக் குறை?
– வாசகர் ஒருவர், கொக்கட்டிச்சோலை

பதில்: குறை என்று யார் சொன்னது? உலகில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வாய்த்திருப்பது உங்கள் வயிறுதான். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிறுகுடலில் உடைக்கும் லாக்டேஸ் நொதியம், பால்குடி மறந்தபின் குறைந்துபோவது பாலூட்டிகளின் பொது வழக்கம். படுவான்கரைப் பட்டியில் நிற்கும் எருமைக் கன்றுக்கும் அதுவே விதி. உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உங்கள் வயிற்று இரைச்சல் அதுதான்.

விதிவிலக்கானவர்கள், வயது வந்த பின்னும் பாலைச் சிரமமின்றிக் குடிப்பவர்களே. வட ஐரோப்பியரிடத்தும் கிழக்காபிரிக்காவில் மாடு மேய்ப்போரிடத்தும் தனித்தனியே தோன்றிய மரபணு மாற்றங்கள், அந்த நொதியம் ஆயுள் முழுதும் சுரக்கும்படி செய்தன. கால்நடை வளர்ப்பே ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழக்கம். இம்மாற்றங்கள் பரவியது அதற்கும் பின்னர். பரிணாமம் முடிந்துவிட்டதென்று உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை போலும்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது பானையின் கதை. துருக்கியின் வடமேற்கில் கிடைத்த, 8,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மட்பாண்டச் சில்லுகளில் பாற்கொழுப்பு ஊறியிருந்தது. ஐரோப்பாவில் பால் செரிக்கும் மரபணு பெருவழக்கானதோ பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து. உடம்பு மாறுமுன்பே மனிதர் பாலைக் கையாளப் பழகிவிட்டனர். புளிக்கவைத்துத்தான் உண்டிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. காய்ச்சி ஆறிய எருமைப் பாலில் உறை விட்டு மண்சட்டியில் வார்த்து வைக்கும்போது நம்மவர் செய்வதும் அந்த வேலையே: உறையிலுள்ள பற்றீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக்குவதோடு, எஞ்சியதை உடைக்கும் நொதியத்தையும் உங்கள் குடலுக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன.

100 மில்லிலீற்றர் பசும்பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் உண்டு. தேநீரில் விடும் சிறிதளவு பால் பலரையும் படுத்தாததற்குக் காரணம் அந்த அளவுதான். ஆனால் நேற்றுவரை பாலைத் தாங்கிய வயிறு திடீரென இப்படி மாறியிருக்கிறதென்றால், அதற்குப் பதில் இந்தப் பக்கத்தில் இல்லை, வைத்தியரிடம் காட்டுங்கள்.