ஸ்டேட்டஸில் போட்டால் அழைத்த மாதிரி ஆகுமா?

கேள்வி: அடுத்த மாதம் மகளின் முதல் பிறந்தநாளை மண்டபத்தில் கொண்டாடுகிறோம், சுமார் 150 பேர். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் வீடு வீடாகப் போய் அழைக்க நேரமில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் அழைப்பிதழைப் போட்டால் போதாதா? "அப்படிக் கூப்பிட்டா யாரு வருவா?" என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் நான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பார்த்தவர்களும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள், தன்னைத்தான் வரச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் தோன்றாது. அப்புறம் சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போடவே போடாதீர்கள். குழந்தையின் படம், மண்டபத்தின் பெயர், நேரம் எல்லாம் தெரிந்தால், அந்த நேரத்தில் உங்கள் வீடு பூட்டியிருக்கும் என்பதும் தெரிந்துவிடும். 2012 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹாரென் என்ற ஊரில் ஒரு பெண் தன் 16வது பிறந்தநாள் அழைப்பை ஃபேஸ்புக்கில் தவறுதலாகப் பொதுவில் போட்டுவிட, ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஊரில் திரண்டு, கடைசியில் அது கலவரமாகவே முடிந்தது. நம் ஊரில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும் முன்பின் தெரியாதவர்களுக்கு உங்கள் குழந்தையின் நாளும் இடமும் எதற்கு?

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. 150 பேரையும் ஒரே குரூப்பில் சேர்க்காதீர்கள், அத்தனை பேர் நம்பரும் அத்தனை பேருக்கும் போய்விடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்ல வழி, ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், இது பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நம்பர் மாற்றியிருந்தால், பெரியப்பா வீட்டுக்கு அழைப்பே போயிருக்காது, நீங்களோ அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். "எங்களைக் கூப்பிடவே இல்லை" என்ற வருத்தம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது, அது வருஷக்கணக்கில் ஆறாது.

அதனால் தாய்மாமன், அத்தைமார், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் வீட்டுக்கு மட்டுமாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு போய்விட்டு வாருங்கள். மற்ற உறவினர்களுக்குப் போன் போதும், ஆனால் பேசிவிட்டு அழைப்பிதழை அனுப்புங்கள், அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். உங்கள் கணவர் பக்கத்து ஆட்களிடம் அவரே பேசட்டும், அந்த வேலையும் உங்கள் தலையில் விழ வேண்டாம். மாமியாரிடம் அவர் வயதுக்காரர்களை அழைக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், சந்தோஷமாகச் செய்வார். ஆபீஸ் நண்பர்களுக்கு மெசேஜ் மட்டும் போதும், அவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அழைப்பிதழைச் சாதாரணப் படமாகவே அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (திறந்தால் போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) அனுப்பிப் பணத்தைத் திருடும் மோசடி பற்றி போலீஸ் எச்சரித்த பிறகு, தெரியாத ஃபைலைத் திறக்கவே பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் சரியானதுதான்.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் "எத்தனை பேர் வர்றீங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நீல டிக்கை வைத்து இலைக் கணக்கு போட முடியாது. முந்தின நாள் லொகேஷனை மறுபடி அனுப்பும்போது மண்டபத்துக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், பஸ்ஸில் வரும் பெரியவர்களுக்கு மேப்பை விட அதுதான் உதவும்.