அசல் எங்கே?

கேள்வி: ஸ்ரீலால் சுக்லவின் 'ராக் தர்பாரி' நாவலை இந்தியிலேயே படித்து முடித்தேன். சிரிக்கவைத்துக்கொண்டே வயிற்றைக் கலக்கிவிடுகிறார். இப்படிக் கதை சொல்லும் சாமர்த்தியம் எங்கிருந்து வருகிறது? தமிழில் இதற்கு ஒரு நகலாவது வராதா?
(ஒரு வாசகர், ஆர்.கே.புரம், புது தில்லி)

பதில்: தெரிந்து எழுதினீர்களோ தெரியாமல் எழுதினீர்களோ, 'நகல்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டீர்கள். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு நகல் என்றதும் லங்கட் ஞாபகம் வந்துவிடுவான்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லங்கட் கால் ஊனமான ஒரு கிராமத்தான். வழக்கு ஒன்றுக்காகத் தாசில் அலுவலகத்திலிருந்து ஓர் ஆவணத்தின் நகல் அவனுக்கு வேண்டும். நகல் குமாஸ்தா ஐந்து ரூபாய் கேட்கிறார். 'ரேட் இரண்டு ரூபாய்தானே' என்கிறான் லங்கட். கவனியுங்கள், லஞ்சத்தில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை, ரேட்டில்தான். வக்கீல்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். பாவம், குமாஸ்தாவும் குடும்பஸ்தர், பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா, கொடுத்துத் தொலையேன் என்கிறார்கள். சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு லஞ்சமா என்று லங்கட் வாயைவிட, குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. போ, உன்னிடம் லஞ்சமே வாங்கமாட்டேன், எல்லாம் சட்டப்படிதான் நடக்கும் என்கிறார். லங்கட்டும் சளைக்கவில்லை. நானும் கொடுக்கமாட்டேன், சட்டப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்கிறான்.

'சட்டப்படி நடந்துகொள்வேன்' என்பதை ஒரு சாபம் மாதிரி எழுதத் தெரிந்த ஆள் சுக்ல. நீங்கள் கேட்ட சாமர்த்தியம் இதுதான். இன்னொன்றும் உண்டு. லங்கட்டின் கதையை அவர் ஒரே அத்தியாயத்தில் சொல்லித் தீர்ப்பதில்லை. கதை நடக்கும் கிராமமான சிவபால்கஞ்சில் தேர்தல் நடக்கிறது, கல்லூரிச் சண்டை நடக்கிறது, பாங் என்கிற கஞ்சா இலையை அரைத்துக் குடிக்கிறார்கள். நடுவில் எங்கோ லங்கட் விந்தி விந்தி வருகிறான். விண்ணப்பத்தில் ஒரு குறையாம். போகிறான். நாம் மறந்துபோன சமயத்தில் மறுபடி வருகிறான். இப்போது வேறு குறை. ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். கடைசியில் நகல் தயாராகிறது. ஆனால் அவன் வரத் தாமதமாகிவிட்டது. கெடு தாண்டிவிட்டதென்று கிழித்துப் போட்டுவிட்டார்கள். குமாஸ்தா மீது தப்புச் சொல்ல முடியுமா? எல்லாம் சட்டப்படி.

ஆசிரியர் எங்கேயும் கண்ணடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. உத்தரப் பிரதேச அரசில் அதிகாரியாக இருந்தவர் அல்லவா, கோப்பில் குறிப்பு எழுதும் அதே முகத்தோடு எழுதிக்கொண்டு போகிறார். கூட்டுறவு சங்கத்தில் கையாடல் நடந்துவிட்டது என்றதும் அதை நடத்தும் ஊர்ப் பெரிய மனிதர் வைத்யஜி சொல்வதைப் பாருங்கள்: இத்தனை நாள் நம் சங்கத்தில் கையாடலே நடக்காததால் ஊர் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தது. இப்போது நடந்தது, மறைக்காமல் சொல்லிவிட்டோம், ஆகவே நாம் யோக்கியர்கள். இதை எழுதியவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவராகத்தான் இருக்க முடியும். புத்தகம் வந்தது 1968-இல். மறுவருடமே சாகித்ய அகாதெமி விருது. அரசாங்கத்தைக் கிண்டலடித்தால் அகாதெமி கௌரவிக்கும் என்பதும் அந்த நாவலிலேயே வந்திருக்க வேண்டிய ஒரு காட்சி.

சரி, நகலுக்கு வருகிறேன். இந்தியில் இந்த வார்த்தைக்குப் பரீட்சையில் காப்பி அடிப்பது என்றும் அர்த்தம். 1992-இல் உத்தரப் பிரதேசத்தில் அதற்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், ஜாமீன் கிடையாது. ஆட்சி மாறியதும் அந்தச் சட்டம் போனது. நம் ஊரில் நகல் அவ்வளவு ஆபத்தான பொருள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி பதில் பக்கத்தில் ஆபத்துதான். நான் ஒவ்வொரு முறை 'நகல்' என்று எழுதும்போதும் மயூர் விஹாரிலிருந்து ஒரு தபால் அட்டை வந்துவிடும். அனுப்புகிறவர் தனித்தமிழ் அன்பர். 'நகல் அரபுச் சொல், படி என்று எழுதுக' என்பார். 'சரி ஐயா, அதற்கு எதிர்ச்சொல்லான அசலும் அரபிதானே, அதை என்ன செய்வது' என்று ஒருமுறை கேட்டேன். 'மூலம்' என்று பதில் வந்தது. மூலத்தைக் காட்டினால்தான் படி தருவார்கள் என்று இந்தப் பத்திரிகையில் எழுதச் சொல்கிறார். தவிர, ஆர்.கே.புரத்தில் 'படி கிடைக்காமல் லங்கட் அலைந்தான்' என்று எழுதிப் பாருங்கள். நம் வாசகர்களில் பாதிப் பேர் மத்திய அரசு ஊழியர்கள், மீதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். பஞ்சப்படி எத்தனை சதவீதம் ஏறியது என்று எனக்குப் போன் வரும்.

நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற சுய சான்றொப்பம் எல்லாம் வராத காலம், அதிகாரி ஒருவர்தான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது நேதாஜி நகர் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ் மாமா இருந்தார், அண்டர் செக்ரட்டரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் மார்க் ஷீட்டோடு ஏழெட்டுப் பையன்கள் நிற்போம். மாமியின் காப்பி வரும். மாமா பூஜை அலமாரியைத் திறந்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் ஸ்டாம்பையும் பச்சை மை பேனாவையும் எடுப்பார். 'அசல் எங்கே?' என்பார். அசலில் ஒரு விரல், நகலில் ஒரு விரல், வரி வரியாக இரண்டும் சேர்ந்து நகரும். என் நகலில் கணக்கு மார்க்கின் மேல் ஒரு மைப் புள்ளி விழுந்திருந்தது. 'இது 68-ஆ 88-ஆ, எவனுக்குத் தெரியும்? வேறு எடுத்துண்டு வா' என்று அனுப்பிவிட்டார். வந்திருந்தவற்றில் அவருடைய சொந்தப் பையனின் மார்க் ஷீட்டும் இருந்தது. சொந்தக்காரனுக்கு நான் போடுவது முறையில்லை என்று அதை எடுத்துக்கொண்டு நாலு பிளாக் தள்ளி இன்னோர் அதிகாரியின் வீட்டு வாசலில் போய் நின்றார், பையன்களோடு பையனாக. அவரையும் லங்கட்டின் குமாஸ்தாவையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை.

தமிழில் வராதா என்று கேட்டீர்கள். பின்னட்டையைப் பார்த்தால் மாதம் பத்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருவன் தூக்கு மாட்டிக்கொள்ளும்போது கயிறு அறுந்தால் போதும், 'கறுப்பு நகைச்சுவை' என்று அச்சடித்துவிடுகிறார்கள். எழுதியவர் 'கதைசொல்லி' ஆகிவிடுகிறார். எழுதத் தெரியாதவரைக் கதைசொல்லி என்று அழைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு பேரின் சிநேகத்தை இழந்தாயிற்று. நிஜமாகவே இருட்டில் சிரிக்க வேண்டுமென்றால் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974-லேயே வந்துவிட்டது. கந்தனின் ஒரே ஒரு நாள். அவனும் யார் மீதும் புகார் சொல்வதில்லை. ஆனால் அது அலுவலக வாசலுக்கு வெளியே நடக்கும் கதை. இத்தனை தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தில்லியில் கோப்பு நகர்த்தியும், கோப்பையே கதாநாயகனாக வைத்துச் சிரித்தவர்கள் குறைவு. பென்ஷன் போய்விடும் என்ற பயமோ என்னவோ.

மயூர் விஹார் அன்பர் உட்பட யாருக்கு வேண்டுமானாலும் 'ராக் தர்பாரி'யை இரவல் கொடுப்பேன். ஆனால் என்னிடம் இருப்பது ஜெராக்ஸ். கரோல் பாக் நண்பர் ஒருவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், ஆறு வருடம் கழித்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் என் கையெழுத்துகூட அப்படியே விழுந்திருக்கிறது. அசல் எங்கே என்று கேட்டேன். 'தேடிண்டிருக்கேன் சார்' என்றார்.